ஒற்றைத் தலைவலி: ஒரு நோயை இனங்கண்ட வரலாறு

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டனுள் காய்ச்சலை அளக்க வெப்பமானி வந்துவிட்டது. அடுத்தவர் காய்ச்சல் எத்தனை பாகை என்பதை நாம் இன்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். தலைவலியை அளக்கும் கருவியோ இன்றுவரை தோன்றவில்லை. பழமொழியின் முற்பாதி மட்டும் பழைய உண்மையாகவே நின்றுவிட்டது.

தலைவலி என்பது ஒரே நோய் அன்று. பல நோய்களுக்குப் பொதுவாக வழங்கும் ஒரு பெயர். உறக்கம் கெட்டாலும் தலை வலிக்கும். காய்ச்சல் கண்டாலும் வலிக்கும். கவலை மிகுந்தாலும் வலிக்கும். இவற்றினின்று வேறாய்த் தனக்கெனத் தனி இயல்பு உடையது, நாம் ஒற்றைத் தலைவலி என்றும் மருத்துவர் மைக்ரேன் என்றும் கூறும் நோய். இதனைப் பிற தலைவலிகளினின்று பிரித்தறிய மனித இனம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்றிருக்கிறது. அம்முயற்சியில் கருவிகளைக் காட்டிலும் நோயாளியின் சொல்லே பெரிதும் துணை நின்றது. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதப் புகுந்ததற்கு எமக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. மத்திய அரசின் தாள்களைத் தமிழாக்கும் பணியில் நாம் தில்லிக்கு வந்தபோது, கல்லூரி நாள் முதல் எம்மைத் தொடர்ந்த தலைவலியும் உடன் வந்தது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஒருபுறத்து நெற்றிப்பொட்டில் தொடங்கும். நாடித் துடிப்போடு சேர்ந்து இடிக்கும். சன்னல் வெளிச்சம் பகையாகும். அடுக்களையில் தாளிக்கும் மணம் குமட்டலைக் கொணரும். மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். புத்தகத்தில் படித்த இந்தியில், தலை வலிக்கிறது என்ற அளவே எம்மால் கூற முடிந்தது. அவரும் தலைவலிக்கு உரிய மாத்திரையை எழுதித் தந்தார். அதனை நான்கு ஆண்டுகள் விழுங்கினோம். ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் பெயர்த்து ஊதியம் பெறும் நாம், எம் வலியைப் பெயர்க்க அறியாதிருந்தோம்.

ஒருநாள் அலுவலகத்தில் கண்ணை மூடி அமர்ந்திருந்தபோது முதிய கடைநிலை ஊழியர் ஒருவர் அருகில் வந்து, “ஆதாசீசீயா, பாபுஜி?” என்று மெல்லக் கேட்டார். ஆதா என்றால் பாதி; சீசு என்றால் தலை. பாதித் தலை! நாம் நான்கு ஆண்டுகளாகத் தேடாமல் விட்ட சொல் அது. அடுத்த முறை மருத்துவரிடம் அச்சொல்லைக் கூறினோம். அவர் எழுதுவதை நிறுத்தி, எம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

அன்று முதல் அந்தப் பாதித் தலை எங்கெங்கு வழங்குகிறது என்று தேடினோம். குஜராத்திலும் அது ஆதாசீசீ. மராட்டியில் அர்தசீசீ. வங்கத்தில் ஆத்கபாலி; பாதிக் கபாலம் என்பது பொருள். கன்னடத்தில் அரெதலெநோவு, நம் அரையும் தலையும் நோவும் அதில் அப்படியே உள்ளன. தெலுங்கர் பார்சுவபு நொப்பி, அதாவது பக்கத்து வலி என்பர். மலையாளத்தில் சென்னிக்குத்து, நம் இலக்கியத்தில் தலையைக் குறிக்கும் சென்னி என்னும் சொல் அங்கே நெற்றிப்பொட்டைக் குறிக்கிறது. உருதுவில் வழங்கும் ஷகீகா அரபுச் சொல். பிளத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. மொழி மாறினாலும் நோயாளி சுட்டிக் காட்டிய இடம் மாறவில்லை.

இப்பெயர்களின் பழமையைக் காண நாம் நூல்களுக்குச் செல்ல வேண்டும். சுசுருத சம்ஹிதையின் இறுதிப் பகுதியாகிய உத்தர தந்திரம் தலைநோய்களைப் பதினொன்றாகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்று அர்த்தாவபேதகம். பாதியைப் பிளப்பது என்பது அதன் பொருள். அது தலையின் ஒருபாதியில் குத்தலும் கிறுகிறுப்புமாகத் தோன்றும் என்றும், பத்து நாளுக்கு ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ அன்றித் திடீரென்றோ வரும் என்றும் அந்நூல் கூறுகிறது. வலியின் இடத்தோடு அமையாமல் அது திரும்பி வரும் கால ஒழுங்கையும் குறித்தமை கருதத்தக்கது. கதிரவன் ஏற ஏற வளர்ந்து, சாயச் சாயத் தணியும் வலியைச் சூரியாவர்த்தம் என்று வேறு பெயரிட்டுப் பிரித்ததும் அந்நூலேயாகும். ஒரு தலைவலியை மற்றொன்றினின்று பிரித்தறிய வேண்டும் என்னும் எண்ணம் இந்நாட்டில் அத்துணைப் பழமையானது.

மேற்கே, கப்படோசியா நாட்டு மருத்துவர் அரெடேயசு கி.பி. முதல் நூற்றாண்டிலோ இரண்டாம் நூற்றாண்டிலோ வாழ்ந்தவர். அவர் தலைவலியை மூவகையாக்கினார்: சிறிது நேரம் நின்று அகல்வது; நெடுநாள் நீடிப்பது; தலையின் ஒரு பாதியைப் பற்றுவது. மூன்றாவது வகையினர் ஒளியைக் கண்டு ஓடுவர் என்றும், இருள் அவர்களுக்கு ஆறுதல் தரும் என்றும் அவர் எழுதினார். அவருக்குப் பின் வந்த கேலன் வழங்கிய ஹெமிகிரானியா என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் அரை மண்டை என்பதே பொருள். அது இலத்தீனில் புகுந்து, முதலெழுத்தை இழந்து, பிரெஞ்சில் மிக்ரேன் ஆயிற்று. ஆங்கிலத்தில் மீக்ரிம் என்றும் பின்னர் மைக்ரேன் என்றும் வழங்கிற்று. ஆகவே, மருத்துவர் எழுதித் தரும் மைக்ரேனும் எம் அலுவலக ஊழியர் கூறிய ஆதாசீசீயும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனாவும் தம் மருத்துவ நூலில் ஷகீகாவைத் தனியே ஆராய்ந்தார்.

எனினும் பெயரிலேயே ஒரு பொறி இருந்தது. பாதி என்ற சொல்லைப் பற்றிக் கொண்டோர், இருபுறமும் வலிப்பவருக்கு இந்நோய் இல்லை என்று கருதினர். உண்மையில் பலருக்கு இவ்வலி இருபுறமும் வருவதுண்டு. ஒருமுறை இடத்திலும் மறுமுறை வலத்திலும் மாறி வருவதும் உண்டு. அரெடேயசு கண்ட ஒளி அச்சமும், சுசுருத நூல் கண்ட கால ஒழுங்குமே பக்கத்தைவிடச் சிறந்த அடையாளங்கள் என்பதை உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று.

அந்த இடைக்காலத்தில் நோயாளிகள் பட்ட பாட்டிற்கு இங்கிலாந்தில் 1631 முதல் 1679 வரை வாழ்ந்த ஆன் கான்வே சீமாட்டி ஒரு சான்று. இளமையில் கண்ட ஒரு காய்ச்சலுக்குப் பின் தொடங்கிய கொடுந்தலைவலி அவரை இறுதிவரை விடவில்லை. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியும் அவரைப் பார்த்தார். மண்டையோட்டில் துளையிடும் எண்ணத்தோடு அவர் 1656ஆம் ஆண்டில் பிரான்சுக்குச் சென்றார். அங்கு மருத்துவர் அதற்குத் துணியாமல் குருதிக் குழாயைத் திறந்து குருதி வடித்தனர். பயன் இல்லை. 1666ஆம் ஆண்டில், கையால் தடவி நோய் தீர்ப்பவர் என்று பெயர் பெற்ற அயர்லாந்துக்காரர் ஒருவர் அழைக்கப்பட்டார், அவராலும் இயலவில்லை. தாமஸ் வில்லிஸ் என்னும் மருத்துவர் 1672ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வம்மையாரின் நோயை விரிவாக எழுதி, தலையின் குருதிக் குழாய்களில் காரணத்தைத் தேடினார். இத்தனை வலியினூடும் அவ்வம்மையார் தத்துவம் பயின்று எழுதிய நூல் அவர் மறைவிற்குப் பின் 1690ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருட்டறையில் கிடப்பவர் சோம்பியிருக்கிறார் என்று எண்ணுவோர்க்கு அந்நூலே தக்க விடையாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோயாளிகளே ஆராய்ச்சியாளர் ஆயினர். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்முன் ஒளிக்கோலம் ஒன்று தோன்றும். முதலில் சிறு புள்ளி. பின்பு அது பல்பல்லாக மடிந்த விளிம்புடன் மின்னி மின்னி விரியும். அதனுள் அகப்பட்ட பொருள் கண்ணுக்குத் தெரியாது. அரைமணி நேரத்தில் அது விலகும். இங்கிலாந்தின் அரசு வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி தமக்கு நேர்ந்த இக்காட்சியை 1865ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அவர் மகனும் மருத்துவருமாகிய ஹியூபர்ட் ஏரிக்கும் அது உண்டு. மகனார் தாம் கண்ட கோலம் கணத்துக்குக் கணம் வளர்வதைப் படமாக வரைந்து 1870ஆம் ஆண்டில் அரச கழகத்தின் வெளியீட்டில் அளித்தார். பழைய கோட்டையின் கொத்தளங்கள்போல் அதன் விளிம்பு இருந்தமையால், மதிற்காட்சி என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் ஒன்றையும் சூட்டினார். இத்தகைய முன்னறிகுறி இந்நோயாளருள் மூவரில் ஒருவருக்கோ நால்வரில் ஒருவருக்கோதான் வரும்; ஏனையோர்க்கு வலியே நேராக வரும்.

1873ஆம் ஆண்டில் எட்வர்ட் லிவிங் என்னும் மருத்துவர், இந்நோய் குருதிக் குழாயின் கோளாறு அன்று, நரம்பு மண்டலத்தில் எழும் புயல் என்று ஒரு பெருநூல் எழுதினார். குழாயா, நரம்பா என்னும் வழக்கு நூறாண்டுக்கு மேல் நடந்தது. 1938ஆம் ஆண்டில் ஜான் கிரகாமும் ஹெரால்ட் உல்ஃபும், எர்கோட்டமைன் என்னும் மருந்தைச் செலுத்தியபோது நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பும் வலியும் ஒருங்கே தணிவதை அளந்து காட்டினர். குழாய்க் கட்சி வென்றதாகத் தோன்றிற்று. ஆனால் 1941ஆம் ஆண்டில் கார்ல் லாஷ்லி என்னும் உளநூல் அறிஞர், தம் கண்முன் விரிந்த ஒளிக்கோலத்தைத் தாளில் குறித்துக் கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்திற்கு 3 மில்லிமீட்டர் வீதம் ஊர்ந்து செல்கிறது என்றார். 1944ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு அறிஞர் அரிஸ்டிடிஸ் லியாவ், முயலின் மூளையில் அதே அளவு மெதுவாகப் பரவும் ஓர் அலையைக் கண்டார். ஒருவர் தம் நோயைச் சொல்லாலும் கோட்டாலும் குறித்தது, மற்றவர் ஆய்வுக்கூடத்தில் கண்டதோடு ஒத்து வந்தது.

மருந்துகள் பின்தொடர்ந்தன. நெஞ்சுவலிக்குக் கொடுத்த புரோப்ரனலால், தலைவலியையும் வராமல் தடுப்பது 1966ஆம் ஆண்டில் தற்செயலாகத் தெரிய வந்தது. 1991ஆம் ஆண்டில் சுமட்ரிப்டான் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. 1990ஆம் ஆண்டில் கோட்ஸ்பியும் எட்வின்சனும், வலியின்போது கழுத்து நாளக் குருதியில் சி.ஜி.ஆர்.பி. என்னும் நரம்புப் பொருள் மிகுவதைக் காட்டினர். அதனைத் தடுக்கும் ஊசிமருந்து 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வழியில் உழைத்த அவ்விருவருக்கும் மாஸ்கோவிட்ஸ், ஓலசன் என்பார்க்கும் 2021ஆம் ஆண்டின் மூளைப் பரிசு கிடைத்தது. முகத்துக்கும் மூளையுறைக்கும் உணர்ச்சி தரும் முப்பிரிவு நரம்பே இவ்வலியின் வழி என்பதும், குழாயின் விரிவு உடன் நிகழ்வதே என்பதும் இன்று பெரும்பாலோர் கொள்கை.

இனி, பிரித்தறியும் முறைக்கு வருவோம். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குழு தலைவலிகளை வகுத்தது. 1988ஆம் ஆண்டில் உலகத் தலைவலிச் சங்கம் விரிவான வகைப்பாட்டை வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2018ஆம் ஆண்டில் வந்தது. இவ்வகைப்பாட்டில் ஒற்றைத் தலைவலியை முடிவு செய்யக் குருதிப் பரிசோதனையோ படமோ கூறப்படவில்லை. கூறப்பட்டவை யாவும் நோயாளியைக் கேட்க வேண்டிய கேள்விகள். இதுவரை ஐந்து முறையேனும் வந்ததா? மருந்தின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் நீடிக்கிறதா? ஒருபுறம் வலித்தல், துடித்து இடித்தல், வேலையைக் கெடுக்கும் கடுமை, நடந்தாலும் படியேறினாலும் மிகுதல் என்னும் நான்கனுள் இரண்டேனும் உண்டா? குமட்டலோ வாந்தியோ இருக்கிறதா. அன்றி ஒளியும் ஒலியும் ஒருங்கே பொறுக்க முடியாமல் போகின்றனவா? ஒருபுறம் என்பது நான்கனுள் ஒன்றாக மட்டும் இறங்கி விட்டதை அன்பர்கள் காணலாம்.

பெரும்பாலோர்க்கு வருவது இறுக்கத் தலைவலி. அது தலையைச் சுற்றிக் கயிற்றால் கட்டியதுபோல் இருபுறமும் அழுத்தும், துடிக்காது, நடந்தால் மிகாது, வாந்தி இராது, வேலை ஒருவாறு நடக்கும். அரிதாய் வருவது கொத்துத் தலைவலி. ஒரு கண்ணைச் சுற்றித் தாங்கொணா வலி எழும்; அக்கண் சிவந்து நீர் வடியும்; 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் நீடிக்கும்; சில வாரங்கள் நாள்தோறும் வந்து பின் மறையும். ஒற்றைத் தலைவலிக்காரர் அசையாமல் படுத்திருப்பார். கொத்துத் தலைவலிக்காரர் இருப்புக் கொள்ளாமல் உலாவுவார். இவ்வொரு வேறுபாட்டை வீட்டார் கண்டு சொன்னாலே மருத்துவர்க்குப் பேருதவியாகும்.

நம்மவர் மிகுதியாக ஏமாறுவது சளித் தலைவலி என்னும் பெயரில். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு முகக்காற்றறைத் தலைவலி என்று கருதியிருந்த 2,991 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 88 விழுக்காட்டினர்க்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகையே என்று தெரிந்தது. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கடைப்பும் கண்ணீரும் வரலாம் என்பதே இம்மயக்கத்திற்குக் காரணம்.

மற்றொரு மயக்கம் நாமே விலை கொடுத்து வாங்குவது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமலும், கலவை மாத்திரைகளை 10 நாளுக்குக் குறையாமலும் மூன்று மாதத்திற்கு மேல் உண்டு வந்தால், அம்மருந்தே நாள்தோறும் தலைவலியை உண்டாக்கும். எமக்கு அந்த நான்கு ஆண்டுகளில் நேர்ந்தது இதுவே. மாதத்தில் மூன்று நாள் வந்த வலி, இறுதியில் இருபது நாள் வந்தது. மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரம் மிகக் கடினமாக இருந்தது. பின்னர் வலி தன் பழைய அளவுக்குத் திரும்பியது.

சில அடையாளங்கள் கண்டால் இவ்வாராய்ச்சிக்கெல்லாம் இடமின்றி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இடி விழுந்தாற்போல் ஒரு நொடியில் உச்சத்தை எட்டும் வலி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய வலி. கை கால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ, வலிப்போ, மயக்கமோ சேர்ந்த வலி. தலையில் அடிபட்டபின் வரும் வலி. 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தோன்றும் வலி. கருவுற்ற காலத்தில் புதிதாகத் தோன்றும் வலி ஆகியவை அத்தகையன.

இந்நோய் நம் நாட்டிற்குப் புதிதும் அன்று, அரிதும் அன்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெங்களூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் வீடுவீடாக நடத்திய ஆய்வில், வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேருக்கு ஓராண்டுக்குள் இவ்வலி வந்திருந்தது. பெண்களிடம் அது மிகுதி. மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006ஆம் ஆண்டில், தலைக்குக் குளித்தபின் ஒற்றைத் தலைவலி வந்த 94 இந்திய நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஈரக் கூந்தலோடு இருந்ததால் தலை நோகிறது என்று கூறிய எத்தனை தாய்மார்களை நாம் நம்பாமல் விட்டிருக்கிறோம்! மேலை நாட்டு நூல்களில் அக்காரணம் காணப்படாமைக்கு, அங்குள்ளோர் அவ்வாறு குளிக்காமையே காரணமாகலாம்.

இந்நோயை வேரோடு களையும் மருந்து இல்லை. அதனோடு வாழும் முறை உண்டு. உணவு நேரம் தவறாமை, உறக்கம் மிகாமலும் குறையாமலும் வைத்தல், கடும் வெயிலில் திரியாமை ஆகியவை வலி வரும் நாள்களைக் குறைக்கும். மருத்துவர் தந்த மாத்திரையை வலி முற்றுமுன் தொடக்கத்திலேயே உண்ண வேண்டும். மாதத்தில் பல நாள் வந்தால் தடுப்பு மருந்து பற்றி அவரைக் கேட்க வேண்டும். இவற்றுக்கு முன்பாக, ஒரு சிறு குறிப்பேடு வேண்டும். வந்த நாள், நேரம், பக்கம், அன்று உண்டது, உறங்கியது, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை எழுதி வைத்தால், ஹியூபர்ட் ஏரியும் லாஷ்லியும் செய்த பணியை நாமும் நம் அளவில் செய்தவர் ஆவோம்.

தாய்மொழி வழங்காத ஊர்களில் வாழும் நம்மவர்க்கு இது இரட்டைத் தேவை. தலை வலிக்கிறது என்பதை எவ்வூரிலும் கையைத் தலையில் வைத்துக் காட்டிவிடலாம். துடிக்கிறது, ஒளி பொறுக்கவில்லை, குமட்டுகிறது, படியேறினால் மிகுகிறது என்பவற்றைக் கையால் காட்ட இயலாது. ஆகவே இந்நான்கையும், அவ்வூரில் பாதித் தலைக்கு வழங்கும் பெயரையும், நலமாயிருக்கும் நாளிலேயே கேட்டு அறிந்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொள்ளுதல் நன்று. வலி வந்த நாளில் தாய்மொழியே நாவில் எளிதாய் வாராது. பிறமொழி எங்கே வரும்?

எமக்கு அச்சொல்லைத் தந்த முதியவர் ஓய்வு பெற்றுத் தம் ஊருக்குச் சென்றுவிட்டார். விடைபெற வந்த நாளில், ஒற்றைத் தலைவலி என்று எம் மொழியில் கூறுவர் என்று அவருக்குச் சொன்னோம். இருமுறை சொல்லிப் பார்த்துக் கொண்டார். அவர் மனைவிக்கும் அந்நோய் முப்பது ஆண்டுகளாக உண்டு என்பதை அன்றுதான் எம்மிடம் கூறினார்.